‘கேட்டால் தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடாதா டாக்டர்?’

இந்தக் கேள்வியை இன்னும் எத்தனை பேர் என்னிடம் கேட்கப்போகிறார்களோ தெரியவில்லை. பதின்வயதினருக்கான மனநல மருத்துவராக வேலை பார்க்கிறேன். பிள்ளை சரியாகத் தூங்கி மாதக்கணக்கில் ஆகிறது, நண்பர்களை விட்டு ஒதுங்கிவிட்டான், உயிராக இருந்த விளையாட்டை நிறுத்திவிட்டான், “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்று இரண்டு மூன்று முறை சொல்லியும் விட்டான். இவ்வளவும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் “செத்துப்போயிடணும்னு தோணுதா?” என்று ஒருவர்கூட அவனிடம் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். ஏன் என்று விசாரித்தால் தலைப்பில் இருக்கும் வாக்கியம்தான் பதிலாக வருகிறது. அம்மா சொல்கிறார், அப்பா சொல்கிறார், வகுப்பாசிரியர் சொல்கிறார். அண்மையில் ஒரு மருத்துவரே சொன்னார். இனி எழுதாமல் இருக்க முடியாது.

ஆகிவிடாது. இது என் அபிப்பிராயம் இல்லை, ஆராய்ந்து பார்த்த விஷயம். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைக் கொடுத்தார்கள், மறுபாதியினருக்குக் கொடுக்கவில்லை. கேட்ட உடனேயும் இரண்டு நாள் கழித்தும் அளந்து பார்த்தால் மன உளைச்சலிலும் சரி, தற்கொலை எண்ணத்திலும் சரி, இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியமானது, ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களிலும் முன்பு முயற்சி செய்தவர்களிலும் கேள்வி கேட்கப்பட்டவர்களுக்குத்தான் உளைச்சல் சற்றுக் குறைவாக இருந்தது. இது 2005இல் வெளிவந்தது. 2014இல் இதே கேள்வியை ஆராய்ந்த 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கேட்டதால் எண்ணம் கூடியதாக ஒன்றுகூடக் காட்டவில்லை. இவ்வளவு வருடம் ஆகியும் நாம் பழைய பயத்தையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சாவு என்று ஒன்று இருப்பது நீங்கள் சொல்லித்தானா தெரியவேண்டும்? அந்த எண்ணம் அவனுக்குள் இல்லையென்றால் உங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு “என்னம்மா ஆச்சு உனக்கு?” என்பான், அவ்வளவுதான். இருக்கிறது என்றால், அதை ராத்திரி ராத்திரியாகத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறான். சொன்னால் அடிப்பார்களோ, அழுவார்களோ, பைத்தியம் என்பார்களோ என்று அடக்கிவைத்திருக்கிறான். நீங்கள் கேட்காதபோது அவனுக்குப் புரிவது ஒன்றே ஒன்றுதான்: இதை இந்த வீட்டில் பேசக்கூடாது.

ஓர் அம்மா தன் மகனைத் தலைவலிக்காகக் கூட்டிவந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அவன் வெளியே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சாவைப் பற்றி என்னென்னவோ எழுதியிருந்தான், பார்த்தவுடன் கிழித்துப் போட்டுவிட்டேன், திரும்பப் படித்தால் திரும்பத் தோன்றுமே என்று. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பையனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது முதலில் அவன் சொன்னது என்ன தெரியுமா? அந்தப் பக்கம் காணாமல் போனது அவனுக்குத் தெரியும். அம்மா படித்துவிட்டார் என்பதும் தெரியும். இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த அம்மாவுக்குப் பாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது, பயத்தில் செய்தது. ஆனால் அந்த நாட்களில் எதுவும் நடந்திருக்கலாம்.

சரி, எப்படிக் கேட்பது? “அந்த மாதிரி எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லைதானே?” என்று கேட்காதீர்கள். ‘இல்லை’ என்ற பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது, பிள்ளை அதைத்தான் திருப்பிக் கொடுக்கும். (பயிற்சி மருத்துவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள், குறிப்பேட்டில் ‘எண்ணம் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் கேட்க வேண்டாம்.) நேராகவே கேளுங்கள்: “ரொம்ப நாளா நீ நீயா இல்லை. உயிரோட இருக்க வேண்டாம்னு தோணியிருக்கா?” ஆமாம் என்றால் அடுத்தது: “எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா? இதுக்கு முன்னாடி ஏதாவது செஞ்சிருக்கியா? இப்போ, இந்த நேரத்துல தோணுதா?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உனக்கு என்ன குறை வச்சோம், நாங்க பட்ட கஷ்டம் தெரியுமா, இதெல்லாம் பாவம், எதுவும் அப்போது வேண்டாம். “சொன்னது நல்லது. நான் இருக்கேன்” என்பது போதும்.

என் அறையில் ஒரு விதி உண்டு. பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுவேன்: நீ சொல்வது நமக்குள் இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டில் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். இதைக் கேட்ட பிறகுதான் பல பிள்ளைகள் நிமிர்ந்தே பார்க்கிறார்கள்.

அடுத்த பல்லவி, “சொல்றவன் செய்ய மாட்டான், சும்மா மிரட்டுறான்.” இதற்கு மேலும் இதைச் சொல்லாதீர்கள். முன்பு ஒருமுறை முயன்றிருப்பது, நமக்குத் தெரிந்த ஆபத்துக் காரணிகளிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று. உடம்பைக் கீறிக்கொள்வதும் அப்படியே. சாகும் நோக்கம் இல்லாமல் கீறிக்கொண்டாலும் பின்னாளில் ஆபத்து கூடத்தான் செய்கிறது. ஒரு பிள்ளை கவனத்தைக் கேட்டு உடம்பைக் கிழித்துக்கொள்கிறது என்றால் அந்தக் கவனத்தைக் கொடுங்களேன், அதில் என்ன நஷ்டம்?

செய்திகளில் “மதிப்பெண் குறைந்ததால்”, “செல்போன் வாங்கித் தராததால்” என்று ஒற்றைக் காரணம் போடுகிறார்கள், படிக்கிற எல்லோரும் ‘இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தாங்கும் சக்தி இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மதிப்பெண் கடைசியாக நடந்தது, அவ்வளவே. அதற்குப் பின்னால் யாரும் கண்டுகொள்ளாத மனச்சோர்வு இருக்கும், வீட்டில் அடி உதை இருக்கும், சொல்ல முடியாத பாலியல் வன்முறை இருக்கும், பள்ளியில் கேலி, துன்புறுத்தல், போதைப்பொருள், குடும்பத்தில் முன்பு நடந்த தற்கொலை, தன் பாலினத்தையோ ஈர்ப்பையோ வீடு ஏற்றுக்கொள்ளாத வலி, இப்படிப் பலவும் சேர்ந்திருக்கும். துன்புறுத்தப்படும் பிள்ளைக்கு மட்டுமல்ல, துன்புறுத்தும் பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல்தான், அதைப் பள்ளிகள் மறந்துவிடுகின்றன. தூக்கம் கெடுவதை நான் தனியாகக் கேட்பேன், வெட்கப்படாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ‘நம்ம பிள்ளைக்கு இதெல்லாம் இல்லை’ என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. 50 வருட ஆராய்ச்சியில் வந்த 365 ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, எந்த ஒரு காரணியை மட்டும் வைத்தும் யார் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று கணிப்பது குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று தெரிந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை, சிரித்துக்கொண்டே இருக்கிற பிள்ளை, யாரையும் விலக்க முடியாது. உலக அளவில் 15 முதல் 29 வயது வரையிலானவர்களின் மரணக் காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது (உலக சுகாதார நிறுவனம், 2021). யூகித்துக்கொண்டிருக்காமல் கேட்கச் சொல்வது அதனால்தான்.

கேட்ட பிறகு, பிள்ளை ஆமாம் என்ற பிறகு, நிறையப் பெற்றோர் செய்வது சத்தியம் வாங்குவது. “இனிமே அப்படி நினைக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு.” சத்தியம் உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எண்ணம் திரும்பி வந்தால் (வரும்) இப்போது அவனால் உங்களிடம் சொல்லவும் முடியாது, சத்தியத்தை மீறியவன் ஆகிவிடுவானே. அதற்குப் பதிலாக நாங்கள் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதவைப்போம். பிள்ளையின் கையெழுத்தில், பிள்ளையின் வார்த்தைகளில், ஒரே தாள்: எண்ணம் தலைதூக்கும்போது எனக்கு முதலில் என்ன ஆகும், நானாக எதைச் செய்தால் கொஞ்சம் அடங்கும், யாருடன் போய் உட்காரலாம், யாரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம், எந்த மருத்துவர், எந்த உதவி எண், வீட்டில் எவற்றைக் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். அவசரப் பிரிவுக்கு வந்த பெரியவர்களிடம் இத்திட்டத்தோடு தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்ததில், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தைகள் 45 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018இல் ஓர் ஆய்வு வந்தது.

அந்தத் தாளில் ‘யாரிடம் சொல்லலாம்’ என்ற இடத்தில் உங்கள் பெயர் இல்லாமல் போகலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். சித்தி பெயரோ பழைய பயிற்சியாளர் பெயரோ இருந்தால் இருக்கட்டும். தற்கொலை ஆபத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 448 பதின்வயதினரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு பாதியினரிடம் ‘உனக்கு அக்கறையானவர் என்று தோன்றும் பெரியவர்களை நீயே சொல்’ என்று கேட்டு, அந்தப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்து, சில மாதங்கள் அவர்களைத் தொலைபேசியில் தொடர்புகொண்டு வழிகாட்டினார்கள், அவ்வளவுதான். 11 முதல் 14 வருடம் கழித்து இறப்புப் பதிவுகளைப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் எல்லாக் காரணங்களாலும் 13 பேர் இறந்திருந்தார்கள், மற்ற பிரிவில் 2 பேர். ஒரே ஆய்வு, எண்ணிக்கை சிறியது, உண்மைதான். ஆனாலும் அப்பாவிடம் நான் கெஞ்சுவது இதைத்தான்: அவன் தேர்ந்தெடுத்த ஆளைத் தடுக்காதீர்கள்.

கைக்கு எட்டாமல் வைப்பது என்றதும் “செய்யணும்னு நினைச்சா வேற வழி தேடிக்க மாட்டாங்களா?” என்று கேட்பார்கள். பெரும்பாலோர் தேடுவதில்லை. எண்ணத்தின் உச்சம் நிமிடங்களில் ஏறி இறங்குவது, முயற்சி செய்து பிழைத்தவர்களிடம் கேட்ட ஓர் ஆஸ்திரிய ஆய்வில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், எண்ணம் வந்ததிலிருந்து முயற்சிவரை 10 நிமிடமோ அதற்குக் குறைவோதான் என்றார்கள். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. இலங்கையில் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்தபோது, 1995இலிருந்து 2015க்குள் தற்கொலைகள் 70 சதவீதம் குறைந்தன, சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக மதிப்பீடு. ஆகவே மருந்துகளைப் பூட்டிவையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும், தேவையில்லாத விஷப் பொருளை வீட்டிலேயே வைக்காதீர்கள். துப்பாக்கி இருக்கும் வீடு என்றால் அதை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள்.

பள்ளிகளுக்கு ஒன்று. வருடத்துக்கு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிட்டுக் கைதட்டி அனுப்புவதை விழிப்புணர்வு என்று கணக்கில் எழுதாதீர்கள். ஐரோப்பாவில் 10 நாடுகளில் 11,110 மாணவர்களிடம் மூன்று முறைகளைச் சோதித்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும், ஆபத்தில் இருப்பவர்களைப் படிவம் வைத்துத் தேடியதும் பெரிய பலன் தரவில்லை. மாணவர்களே நடித்துப் பார்த்து, மனநலத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசிப் பழகிய முறையில்தான், ஒரு வருடத்தில் புதிய தற்கொலை முயற்சிகள் பாதியாகக் குறைந்திருந்தன (2015).

மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வு மருந்து தொடங்கும் முதல் சில வாரங்களில் சில இளையோருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2004இலேயே எச்சரித்திருக்கிறது, அந்த ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்கும் அப்படி ஆனது, தற்கொலை மரணம் எதுவும் இல்லை. இதைக் காட்டி மருந்தே வேண்டாம் என்று ஓடவும் கூடாது, பிள்ளை சிரித்துவிட்டான் என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. முதல் வாரங்களில் கூடவே இருந்து கவனியுங்கள், தூக்கம் போனாலோ படபடப்பு ஏறினாலோ உடனே கூப்பிடுங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை, தேர்வு வருகிறது என்று அடுத்த சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். இப்போதே செய்யப்போகிறேன் என்று பிள்ளை சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

இதைப் படிப்பது அந்தப் பிள்ளையாகவே இருந்தால்: நீ கெட்டவனும் இல்லை, பைத்தியமும் இல்லை, இதற்குச் சிகிச்சை இருக்கிறது. நேரில் சொல்ல வரவில்லை என்றால் ஒரு வரி மெசேஜ் போதும்: “எனக்கு உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுது, கொஞ்சம் என்கூட இருங்க.” முதலில் சொன்ன பெரியவர் ‘சும்மா இரு’ என்றால் அடுத்தவரிடம் போ, அவரும் காதில் வாங்கவில்லை என்றால் அதற்கடுத்தவர், இல்லையென்றால் உன் நாட்டின் உதவி எண், எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவும் சரி. உன் தோழி யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி இதை உன்னிடம் சொன்னாளென்றால், இன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லிவிடு. அவள் உன்மேல் கோபப்பட்டால் படட்டும்.