அமெரிக்க ராணுவ மருத்துவர் வெளியே வந்து ரெசிடென்சி சேர: எதை எப்போது செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் செலவை ராணுவம் ஏற்றுக்கொள்ளும் திட்டத்துக்கு ஹெச்.பி.எஸ்.பி. என்று பெயர். அமெரிக்கக் குடியுரிமை இருந்தால்தான் சேரலாம். அங்கேயே பிறந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தடையில்லை. கல்லூரிக் கட்டணம் முழுவதும் கிடைக்கும், கைச்செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகையும் வரும். நான்கு ஆண்டு உதவி வாங்கினால் நான்கு ஆண்டு ராணுவப் பணி செய்து அடைக்க வேண்டும்; இதுதான் பணிக்கடன். பெத்தெஸ்தாவில் இருக்கும் ராணுவத்தின் சொந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு 7 ஆண்டு. சேரும்போது வீட்டில் இதையெல்லாம் நன்றாகவே விசாரிக்கிறார்கள். வெளியே வரும் வழியை விசாரிப்பவர்கள் குறைவு.

இந்த விளக்கம் முக்கியமாக ஜி.எம்.ஓ. எனப்படும் பொது மருத்துவ அதிகாரிகளுக்கானது. படிப்பு முடிந்து ஓராண்டு இன்டர்ன்ஷிப், பிறகு மாநில உரிமம், அப்புறம் நேராகக் கப்பலுக்கோ மரைன் படைப்பிரிவுக்கோ மருத்துவராகப் போவார்கள். கடற்படையில் இந்தப் பாதை அதிகம். இன்டர்ன்ஷிப் ஆண்டு பணிக்கடனில் கழியாது. ஆக, கடனை அடைத்து முடிக்கும்போது ஐந்து ஆண்டு அனுபவம் இருக்கும். ஆனால் எந்தத் துறையிலும் நிபுணர் பட்டம் இருக்காது. அதற்கு ரெசிடென்சி எனப்படும் நிபுணர் பயிற்சியை முடிக்க வேண்டும். ராணுவத்திலேயே செய்யலாம், ஆனால் பணிக்கடன் கூடலாம். வெளியே வந்து செய்வதென்றால் முதலில் தேதிகளைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க ரெசிடென்சிகள் பெரும்பாலும் ஜூலை 1 அன்று தொடங்கும். அறிமுக வகுப்புகள் ஜூன் நடுவிலேயே ஆரம்பித்துவிடும். அந்த ஜூலையில் சேர முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஈராஸ் என்ற இணைய விண்ணப்பத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அக்டோபர் முதல் ஜனவரி வரை நேர்காணல். பிப்ரவரி இறுதி, மார்ச் தொடக்க வாக்கில் விருப்பப் பட்டியல் தர வேண்டும். மருத்துவர்களின் பட்டியலையும் மருத்துவமனைகளின் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்குவதுதான் ‘மேட்ச்’. மார்ச் மூன்றாவது வாரத்தில் அதன் முடிவு வரும். எல்லாத் துறையும் இந்த ஒரே வண்டியில் போவதில்லை. சிறுநீரக அறுவைத் துறைக்கும் கண் மருத்துவத்துக்கும் தனி மேட்ச், முடிவும் முன்பே வந்துவிடும். மகப்பேறு மருத்துவத்துக்கு விண்ணப்பத் தளமே மாறிவிட்டது.

ராணுவத்தின் நாட்காட்டி வேறு. பணிக்கடன் முடிந்த நாளில் அதிகாரி தானாக விடுபட்டுவிட மாட்டார். விடுவிக்கக் கோரி எழுதித் தர வேண்டும். கடற்படையில் இதைச் சுமார் 9 முதல் 12 மாதம் முன்பே கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மேட்ச் முடிவு மார்ச்சில்தான் தெரியும், வேலையை விடுவதாக எழுதிக் கொடுப்பதோ அதற்கு முந்தைய கோடையில். இடம் கிடைக்குமா என்று தெரியாமலே கடிதம் கொடுத்தாக வேண்டும். இந்த இடைவெளிக்குப் பயந்து பலர் ராணுவத்திலேயே ரெசிடென்சி இடம் தரும் தேர்வுக் குழுவுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். அதன் முடிவு டிசம்பரிலேயே வரும். அங்கே இடம் கிடைத்து ஏற்றுக்கொண்டால் சிவில் மேட்ச்சிலிருந்து விலக வேண்டும். இரண்டிலும் ஒரு கால் வைப்பது விதிமீறல் அல்ல. ஆனால் ராணுவத்தில் தொடர மனமே இல்லாதவர் தைரியத்துக்காக மட்டும் அங்கே விண்ணப்பிப்பது சரியில்லை என்பது என் கருத்து. கிடைத்துவிட்டால் என்ன செய்வது?

இனி, பலர் கவனிக்காத ஒரு விஷயம். மேட்ச்சில் இடங்கள் பல வகை. முதலாண்டிலிருந்து முழுப் பயிற்சியும் தரும் இடம் ஒன்று. ‘அட்வான்ஸ்டு’ இடம் இன்னொன்று. இதில் இடம் கிடைத்தாலும் பயிற்சி மறு ஆண்டு ஜூலையில்தான் தொடங்கும். மூன்றாவதாக ‘ஆர்’ எழுத்தில் குறிக்கும் இடம் உண்டு. ஏற்கெனவே இன்டர்ன்ஷிப் போன்ற பயிற்சி முடித்த மருத்துவர்களுக்காக ஒதுக்கப்பட்டது. மேட்ச் ஆன அதே ஆண்டு ஜூலையில் இரண்டாம் ஆண்டுப் பயிற்சியாளராகச் சேரலாம். ஜி.எம்.ஓ.வுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். மயக்க மருந்து, ரேடியாலஜி போன்ற துறைகளில் இவற்றைத் தேட வேண்டும். எண்ணிக்கை குறைவுதான். அட்வான்ஸ்டு இடத்துக்கு மட்டும் விண்ணப்பித்தால் ஓராண்டு சும்மா இருக்க நேரலாம். அல்லது அதைக் கணக்கில் வைத்து, ராணுவத்தில் கடைசி ஆண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்காமல் அதற்கும் ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். பொது அறுவை, உள்மருத்துவம் போன்ற துறைகளில் பழைய இன்டர்ன்ஷிப்பைக் கணக்கில் எடுப்பார்களா, முதலாண்டைத் திரும்பச் செய்யச் சொல்வார்களா என்பதை பயிற்சித் திட்ட இயக்குநரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஓராண்டு முன்பே வேலை தொடங்க வேண்டும். கப்பல் தளபதி எவ்வளவு புகழ்ந்து எழுதினாலும், சேர விரும்பும் துறையின் நிபுணர் ஒருவர் அண்மையில் உங்களுடன் வேலை செய்து எழுதிய கடிதத்துக்கு அது ஈடாகாது. பக்கத்து ராணுவ மருத்துவமனையில் அந்தத் துறையில் சில வாரம் இருக்க அனுமதி கேளுங்கள். ஈராஸில் பதிவு செய்யத் தேவையான டோக்கன் எண்ணையும் டீன் கடிதத்தையும் நீங்கள் படித்த கல்லூரிதான் தரும். ஐந்து வருடம் கழித்து அங்கே யாருக்கும் உங்களை நினைவிருக்காது, எனவே முன்கூட்டியே எழுதுங்கள். நேர்காணல்கள் பெரும்பாலும் வீடியோவில் நடப்பது வெளிநாட்டுத் தளத்தில் இருப்பவர்களுக்கு நிம்மதி.

ஜூன் நடுவில் அறிமுக வகுப்பு, விடுவிப்புத் தேதியோ ஜூன் இறுதி என்றால் சேமித்த விடுப்பு கைகொடுக்கும். மாதத்துக்கு இரண்டரை நாள் விடுப்பு சேரும். கடைசியில் அதை மொத்தமாக எடுத்தால், உரிய அனுமதியோடு புதிய மருத்துவமனையில் சேரலாம்; ராணுவச் சம்பளமும் வரும். கடைசி ஆண்டில் விடுப்பைச் செலவழித்துவிட வேண்டாம். விடுவிப்புத் தேதி ஜூலையைத் தாண்டினால் முன்கூட்டி விடுவிக்கக் கேட்கலாம். அது உரிமை அல்ல, மறுக்கவும் செய்வார்கள்.

சம்பளம் கணிசமாகக் குறையும். அதை ஓரளவு ஈடுகட்டுவது 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் எனும், ராணுவப் பணி செய்தவர்களுக்கான கல்வி உதவித் திட்டம். மாநில அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சி என்றால், பணியிடப் பயிற்சிக் கணக்கில் மாத வீட்டுப்படி கிடைக்கும்: முதல் 6 மாதம் 100 சதவீதம், அடுத்த ஆறாறு மாதங்களுக்கு 80, 60, 40, அதன்பின் 20. முழு உரிமைக்கு 36 மாதப் பணி வேண்டும். ராணுவ அகாடமியிலோ, கல்லூரியிலேயே அதிகாரிப் பயிற்சி தரும் ஆர்.ஓ.டி.சி. திட்டத்தின் உதவித்தொகையிலோ படித்தவர்களுக்கு அதற்கான கட்டாயப் பணிக்காலம் இதில் சேராது. இதே பலனைப் பிள்ளைகள் படிப்புக்கு மாற்றலாம். ஆனால் பணியில் இருக்கும்போதே மாற்ற வேண்டும், பொதுவாக 6 ஆண்டு முடித்திருக்க வேண்டும், மேலும் 4 ஆண்டு இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கே ஆண்டில் வெளியேறுபவர் பிள்ளைகள் பேரில் எழுதிவைக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

கடைசி ஆண்டில் தப்பக்கூடாத இரண்டு சிறு தேதிகள்: வெளியேறும் வகுப்பு எனப்படும் டாப் பயிற்சியை விடுவிப்புக்கு 365 நாள் முன்பே தொடங்கிவிட வேண்டும். பணியில் ஏற்பட்ட காது, முதுகு, முழங்கால் பாதிப்புகளுக்கான இழப்பீட்டு மனுவை 180 முதல் 90 நாள் முன்பு வரை கொடுத்தால் விரைவுப் பிரிவில் எடுத்துக்கொள்வார்கள். ராணுவத்தின் டிரைகேர் மருத்துவக் காப்பீடு நின்று புதிய மருத்துவமனையின் காப்பீடு தொடங்கும்வரை இடைவெளி வந்தால், 60 நாளுக்குள் கட்டணம் செலுத்தித் தற்காலிகக் காப்பீடு வாங்கும் வசதியும் உண்டு.