உளியில் பதிந்த கட்டைவிரல்

வேலை முடிந்ததும் துடைக்காமல் வைத்த உளியை ஒரு மாதம் கழித்து எடுத்தேன். அதன் தட்டையான முதுகில் என் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, துருவில் அச்சடித்ததுபோல் இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டுகூடப் பட்டதில்லை. அப்புறம் எப்படி?

வியர்வை காய்ந்தாலும் அதிலுள்ள உப்பு இரும்பின் மேல் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழை நாளில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. பக்கத்திலேயே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. ரேகையின் ஒவ்வொரு கோட்டிலும் குட்டி குட்டி பேட்டரிகள்!

உப்பே இல்லாவிட்டாலும் பனி உண்டு. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 26 டிகிரி. இரவில் குளிர்ந்து 25 டிகிரியில் கிடக்கும் இரும்பு இழைப்புளி மேல், காலையில் கதவு வழியாக அந்தக் காற்று வந்து பட்டால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். கனமான கருவி மெதுவாகத்தான் சூடாகும் என்பதால், மெல்லிய ரம்பத்தைவிட அதில் ஈரம் அதிக நேரம் நிற்கும்.

சரி, எங்கே வைப்பது? சுவரில் பலகை அடித்து எல்லாவற்றையும் வரிசையாக மாட்டுவது படத்தில் அழகுதான். ஈரமான அறையில் அது கருவிகளைக் காற்றுக்குக் காட்டி வைப்பது. தினமும் கைபட்டுத் துடைபடுபவை மட்டும் சுவரில் இருக்கட்டும். மற்றவை மூடிய மரப்பெட்டிக்குள் போகட்டும். பெட்டிக்குள் வெப்பம் மெதுவாகவே ஏறி இறங்கும். மரமும் ஈரத்தை உறிஞ்சி, பிறகு விட்டு, ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். ஆனால் ஓக் மரப்பெட்டி வேண்டாம்: அது விடும் அசிட்டிக் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலமும் மூடிய பெட்டியில்தான் பயன்படும். திறந்த அலமாரியில் வைத்தால் அறைக் காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துச் சீக்கிரம் நிறைந்துவிடும். பிறகு சூடாக்கி உலர்த்தித்தான் மறுபடி வைக்க வேண்டும்.

கருவி மேல் மரச்சீவல் குவிந்து கிடப்பதை நான் அழுக்காக மட்டும் பார்த்தேன். உண்மையில் அது ஈரப்பஞ்சு. சுருண்ட சீவல் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் துருப்புள்ளி வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். தூரிகையால் தட்டிவிட்டு, எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். மெல்லிய எண்ணெய்ப் படலம் நீரை இரும்போடு ஒட்டவிடாது.

உளியைத் தேய்த்துத் தேய்த்து மேல்துருவை எடுத்துவிட்டேன். ஆனால் துரு தோண்டிய குழிகள் முதுகில் அப்படியே உள்ளன. தீட்டத் தீட்ட விளிம்பு பின்வாங்கி ஒரு குழியை எட்டும்போது அங்கே விளிம்பில் சிறு பள்ளம் விழும். செதுக்கிய மரத்தில் மெல்லிய கோடாகத் தெரியும், என் ரேகையின் ஒரு துண்டு.