பச்சரிசி மெல்லும் பழக்கமும் குடலின் கதவும்

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களில் சிலர், முந்தானையில் முடிந்த பச்சரிசியையோ ஒரு சிட்டிகைத் திருநீற்றையோ அவ்வப்போது வாயில் போட்டுக்கொள்வதுண்டு. வீட்டார் அதைக் கெட்ட பழக்கம் என்று ஏசுவார்கள். மருத்துவரோ உடலில் இரும்புச்சத்து வற்றியதற்கான அறிகுறியாக இருக்கலாம் என்று சந்தேகிப்பார். படியேறினால் இளைப்பு, கீழிமையின் உட்புறம் வெளிறிப்போதல், ஒரு சொட்டு நீர் தங்குமளவுக்கு நகம் குழிந்துபோதல் ஆகியவையும் அதே கதையைச் சொல்பவைதான், ஆனால் நகம் குழிவது நோய் முற்றிய பிறகே.

நம் உடலில் இருக்கும் இரும்பு மொத்தமே 3 முதல் 4 கிராம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. சுமார் 120 நாளில் மடியும் அணுக்களின் இரும்பை உடல் வீணாக்காமல் மறுபடி எடுத்துக்கொள்வதால், உணவிலிருந்து நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் உள்ளே சேர்ந்தாலே பொதுவாகப் போதும். மாதவிடாய், பிரசவம், வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும் கொக்கிப்புழு என்று ரத்தம் கசியும்போதுதான் கணக்கு உதைக்கிறது. முதலில் தீர்வது ஃபெரிட்டின் என்னும் சேமிப்பு. ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். ஆகவே கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமைத் தொட்டுவிட்டது என்பதாலேயே குறையில்லை என்று சொல்லிவிட முடியாது.

முருங்கைக்கீரை தின்றால் சரியாகிவிடும் என்பது நம் ஊர் நம்பிக்கை. கீரையில் இரும்பு இருப்பது மெய்தான். அதில் சிறு பங்கையே குடல் உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் கடுங்காப்பியோ தேநீரோ அந்தச் சிறு பங்கையும் தடுத்துவிடும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதைக் கூட்டித் தரும். மீன், ஆட்டு ஈரலில் உள்ள இரும்பு இன்னும் எளிதாகச் சேரும்.

ஏற்கனவே ரத்தசோகை வந்துவிட்டவருக்கு உணவு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவை ஏறத்தாழ ஒரு நாளுக்குச் சாத்திவிடுகிறது. அதனால் ஒரே நாளில் இரண்டு மூன்று வேளை விழுங்குவதில் பெரிய பயனில்லை. வயிற்றெரிச்சலும் மலச்சிக்கலுமே மிஞ்சும். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதை இப்போது மருத்துவர்கள் பலர் ஏற்கிறார்கள். கர்ப்பிணிகளோ அரசு கொடுக்கும் 60 மில்லிகிராம் மாத்திரையை நாள்தோறும் எடுக்க வேண்டியவர்கள். அவர்கள் இந்தக் கணக்கைத் தாமாகப் போடக்கூடாது.

மாத்திரையால் மலம் கறுப்பதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்களைவிட, ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்துபவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. சேமிப்பு நிரம்ப அதன்பின்னும் 3 மாதம் தொடர வேண்டும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இந்தக் குறை வந்தால், மாத்திரை எழுதுவதோடு இரைப்பையிலோ பெருங்குடலிலோ ரத்தம் கசிகிறதா என்றும் பார்த்தாக வேண்டும். புண்ணோ மூலமோ புற்றுநோயோ அங்கே இருக்கக்கூடும்.