பெட்டியை இடம் மாத்துனா நெட் ஏன் கோச்சுக்குது?

போன மாசம் அப்பச்சிக்கு மணிவிழா. காரைக்குடி பக்கத்துல எங்க ஊர் வீடு, பூட்டியே கெடந்த வீடில்ல, அப்பத்தா அங்கதான் இருக்காங்க, இருந்தாலும் விசேஷம்னா முகப்புலருந்து அடுப்படி வரைக்கும் வெள்ளையடிச்சுத்தானே ஆகணும். பெயிண்டருக்கு வழி விடணும்னு முகப்புச் சுவத்துல மாட்டியிருந்த ஃபைபர் பெட்டி, ரௌட்டர், ரெண்டு அடாப்டர், ஒரு நீல ஒயர் எல்லாத்தையும் கழட்டி ஒரு தாம்பாளத்துல வச்சு, ஏதோ சீர் வரிசை மாதிரி, ரெண்டாங்கட்டுக்குத் தூக்கிட்டுப் போனது நான்தான். அதனால இதுக்கப்புறம் நடந்த எல்லாத் தப்புக்கும் முழுப் பொறுப்பு நானே, பெயிண்டர் மேல பழி போட முடியாது.

சுவர் காஞ்சதும் திரும்ப மாட்டுனேன். எல்லா ஒயரும் ஏதோ ஒரு ஓட்டையில போய் உக்காந்துச்சு, லைட்டும் எரிஞ்சுச்சு, நெட் மட்டும் வரல. கழட்டும்போது ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும், எடுக்கல, ரெண்டு நாள் ஆச்சு. ஆனா அந்த ரெண்டு நாள்ல இந்தப் பெட்டிக எப்படி வேலை செய்யுதுன்னு நல்லாவே புரிஞ்சுது.

மொதல்ல ஒரு விஷயம். வீட்ல இருக்கறது ரெண்டு வேற வேற ஆளு. தெருவுலருந்து வர்ற லைனைப் புரிஞ்சுக்கற பெட்டி ஒண்ணு, அதை வீட்ல இருக்கற எல்லா போனுக்கும் பிரிச்சுக் குடுக்கற பெட்டி இன்னொண்ணு. மொத பெட்டியை இன்னும் எல்லாரும் மோடம்னுதான் சொல்றோம், அது லேண்ட்லைன் செம்புக் கம்பியில நெட் வந்த காலத்துப் பேரு. அனுப்பும்போது தகவலை அலையில ஏத்தணும், வரும்போது எறக்கணும், இங்கிலீஷ்ல மாடுலேட்டர் டிமாடுலேட்டர்னு இருக்கற ரெண்டு வார்த்தையை வெட்டி ஒட்டுனதுதான் மோடம். இப்ப கண்ணாடி இழை வந்தப்புறம் அதை ஓஎன்டின்னோ ஓஎன்யூன்னோ லைன்காரங்க சொல்லுவாங்க. நெறைய எடத்துல ரெண்டு வேலையும் ஒரே பெட்டியில இருக்கும். எங்க வீட்ல ரெண்டும் தனித்தனி, அதான் வம்பே.

மொத நாள் வம்பு, எல்ஓஎஸ்னு எழுதியிருக்கற எடத்துல ஒரு சிவப்பு லைட் விட்டு விட்டு எரிஞ்சுது. அதுக்கு அர்த்தம் ஒண்ணே ஒண்ணு, வெளிச்சம் வந்து சேரல. கரண்ட் இருக்கு, பெட்டி உயிரோடதான் இருக்கு, இழை வழியா வர வேண்டிய ஒளி மட்டும் வரல இல்ல பத்தல. அந்த மஞ்ச இழைக்குள்ள வெளிச்சம் ஓடற பாதை வெறும் 9 மைக்ரான் அகலம், நம்ம தலைமுடியில கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு. நடுவுல இருக்கற கண்ணாடிக்கும் அதைச் சுத்தி இருக்கற கண்ணாடிக்கும் ஒளிவிலகல்ல சின்ன வித்தியாசம் இருக்கு, அதனால வெளிச்சம் ஓரத்துல பட்டாலும் வெளிய போகாம உள்ளயே திரும்பிக்கும், அப்படியே கிலோமீட்டர் கணக்குல ஓடி வந்துரும். ஆனா இழையை ரொம்ப மடிச்சா அந்த மடிப்புல வெளிச்சம் ஓரத்துல மோதற கோணம் மாறிரும், கொஞ்சம் கொஞ்சமா வெளிய கசிஞ்சுரும். பழைய வகை இழையை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழ வளைக்கக் கூடாது, வீட்டுக்குள்ள ஓட்டறதுக்குன்னே வந்திருக்கற வகை 1 சென்டிமீட்டர் வரைக்கும் தாங்கும்.

நான் என்ன பண்ணியிருந்தேன்னா, மிச்சம் இருந்த இழையை அழகா இருக்கட்டும்னு தேக்கு நெலைக்கும் சுவத்துக்கும் நடுவுல இருந்த சந்துல சொருகி, அங்க ஒரு ஆணியில ரெண்டு சுத்து சுத்தி வச்சிருந்தேன். ஆணியைச் சுத்துன வளைவு எவ்வளவு இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. பெட்டியோட செட்டிங் பக்கத்தைத் தொறந்தா ஆப்டிகல் பவர்னு ஒரு எண் காட்டும், டிபிஎம் கணக்குல, வந்து சேர்ற வெளிச்சத்தோட பலத்தைச் சொல்ற அளவு அது. ஆணியில சுத்தியிருந்தப்ப மைனஸ் 29, சுத்தை எடுத்துட்டு தோசைக்கல்லு அகலத்துக்குத் தளர்வா வட்டம் போட்டு மாட்டுனப்ப மைனஸ் 21. பாக்க எட்டுதான் வித்தியாசம், ஆனா இந்தக் கணக்குல 3 கொறைஞ்சாலே வெளிச்சம் பாதியாயிருச்சுன்னு அர்த்தம், அப்ப 8ன்னா ஆறுல ஒரு பங்குக்கும் கீழ போயிருச்சு. சாதாரணமா இந்தப் பெட்டிகளுக்கு மைனஸ் 27 பக்கத்துல வரும்போதே கண்ணு மங்கிரும். தெருக்கோடியில ஒரே இழையில வர்ற வெளிச்சத்தை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிச்சு அனுப்பறாங்க, நமக்கு வர்றதே ஒரு மில்லிவாட்டுல நூத்துல ஒரு பங்கு மாதிரி, அதுலயும் ஆணியில சுத்தி வீணடிச்சா எப்படி.

இதுல இன்னொண்ணும் சொல்லணும். பெட்டியில சொருகற இழையோட பச்சை முனை இருக்கே, அதைக் கழட்டும்போது வெறும் கையால தொட்டு, வாயால ஊதி, வேட்டி முனையால தொடைக்கறது நம்ம ஆளுங்க பழக்கம். 9 மைக்ரான் பாதைக்கு முன்னாடி ஒரு தூசி உக்காந்தாலே போதும், மலை மாதிரி மறைச்சுரும். வெள்ளையடிச்ச வீட்ல சுண்ணாம்புத் தூசிக்கா பஞ்சம்? கழட்டுன ஒடனே மூடியைப் போட்டு வைக்கணும். முனை பச்சையா இருந்தா அதோட முகம் 8 டிகிரி சாய்வா தேய்ச்சிருக்கும்னு அர்த்தம், நீலமா இருந்தா நேர் முகம். பச்சையைக் கொண்டுபோய் நீலத்துல சொருகுனா உள்ள போகும், ஆனா ரெண்டு முகமும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது, வெளிச்சம் நெறைய வீணாப் போகும். முனைக்குள்ள கண்ணை வச்சுப் பாக்கற வேலை மட்டும் வேண்டாம், உள்ள வர்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

சிவப்பு போனதும் பிஓஎன் லைட், அதாவது லைனோட சேந்தாச்சான்னு காட்டற லைட், பச்சையில மினுக்க ஆரம்பிச்சுது. மினுக்குதே, கெட்டுப் போச்சோன்னு திரும்ப ஆஃப் பண்ணிராதீங்க, அந்த நேரத்துலதான் ரொம்ப அழகான ஒரு வேலை நடக்குது. ஒரே இழையில 32 வீட்டுப் பெட்டியும் பேசணும்னா எல்லாரும் ஒரே நேரத்துல கத்த முடியாதுல்ல, ஒவ்வொருத்தருக்கும் நொடியில ஒரு துணுக்கு நேரம் ஒதுக்கியிருக்காங்க. ஆனா உங்க வீடு எக்ஸ்சேஞ்சுலருந்து 2 கிலோமீட்டர், பக்கத்து ஊர் வீடு 9 கிலோமீட்டர்னா, ரெண்டு பேரும் அனுப்பறது வேற வேற நேரத்துல போய்ச் சேரும், ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துரும். அதனால அந்தப் பக்க மெஷின் ஒரு கேள்வி அனுப்பும், நம்ம பெட்டி பதில் சொல்லும், போய் வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு வச்சு தூரத்தைக் கண்டுபிடிச்சு, நீ இவ்வளவு தாமதிச்சுப் பேசுன்னு சொல்லிரும். கண்ணாடிக்குள்ள ஒரு கிலோமீட்டர் போக வெளிச்சத்துக்கு 5 மைக்ரோநொடி ஆகும், அந்தத் துல்லியத்துல கணக்கு. கூடவே பெட்டியோட சீரியல் நம்பரையும் சரி பாக்கும். இதெல்லாம் முடிஞ்சாத்தான் லைட் நிலையா நிக்கும். சீரியல் நம்பர் பாக்கறதாலதான் சென்னை வீட்டுப் பெட்டியைக் கொண்டாந்து இங்க மாட்டுனா வேலை செய்யாது, லைன்காரங்க பதிவு பண்ணிக் குடுக்கணும்.

அடாப்டர் கதையைச் சுருக்கமாச் சொல்லிர்றேன். ரெண்டோட பின்னும் ஒரே அளவு, ஆனா ஒண்ணு 12 வோல்ட் 1 ஆம்பியர், இன்னொண்ணு 9 வோல்ட் 0.6 ஆம்பியர். மாத்திச் சொருகிட்டேன். ஃபைபர் பெட்டி எரியும், அரை நிமிஷத்துல அணைஞ்சு திரும்ப எரியும், முழு வேலை ஆரம்பிக்கும்போது கரண்ட் பத்தாம விழுந்து விழுந்து எந்திரிச்சிருக்கு. 9 வோல்ட் ரௌட்டருக்கு 12 போனதுல அது கருகாம இருந்தது என் நல்ல நேரம். இப்ப அடாப்டர் மேல மஞ்சள் டேப் ஒட்டிப் பேர் எழுதியாச்சு.

ரெண்டாவது நாள் லைட் எல்லாம் பச்சை, போன்ல வை-ஃபை கோடு முழுசா, ஆனா இணைய வசதி இல்லைன்னு வருது. இங்கதான் நெறைய பேர் குழம்பறது. வை-ஃபை கோடுங்கறது உங்க போனுக்கும் ரௌட்டருக்கும் நடுவுல இருக்கற உறவு மட்டும்தான். ரௌட்டருக்கு வெளி உலகத்தோட பேச்சு இருக்கா இல்லையான்னு அந்தக் கோட்டுக்குத் தெரியாது. முகப்புல நல்லா உபசரிக்கறாங்க, ஆனா அடுப்படியில ஒலை வைக்கல, அந்தக் கதைதான்.

ரௌட்டர் பின்னாடி அஞ்சு ஓட்டை. நாலு ஒரே நெறம், அது லேன், வீட்டுக்குள்ள இருக்கறதுக்கு. தனியா வேற நெறத்துல ஒண்ணு இருக்கும், அது வான் (WAN) போர்ட், வெளி லைனுக்கு. ஃபைபர் பெட்டியிலருந்து வர்ற ஒயர் அந்தத் தனி ஓட்டைக்குத்தான் போகணும், நான் லேன்ல போட்டிருந்தேன். ஓட்டை எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, எங்க போட்டா என்னன்னு தோணும். ரௌட்டர் மனசுல வாசல் ஒண்ணுதான், மத்ததெல்லாம் வீட்டு ஆளுக. வீட்டு ஆளுகளுக்கு 192.168.1.5, 192.168.1.6ன்னு உள் விலாசம் குடுக்கறது அதோட வேலை, வாசல்ல மட்டும்தான் வெளிய போய் விலாசம் கேக்கும். லேன்ல சொருகுனதும் என்னாச்சுன்னா, தனிப் பெட்டின்னாலும் எங்க ஃபைபர் பெட்டியும் விலாசம் குடுக்கும், ரௌட்டரும் குடுக்கும், ரெண்டும் தன்னை 192.168.1.1ன்னு வேற சொல்லிக்குது. ஒரே வீட்ல ரெண்டு பெரிய மனுசங்க மாதிரி. ஒரு போனுக்கு வேலை செய்யுது, இன்னொண்ணுக்கு இல்ல, அஞ்சு நிமிஷம் கழிச்சு மாறி நடக்குது. பேய் புடிச்ச மாதிரி இருந்துச்சு. வான்ல மாத்தி, ரௌட்டரோட விலாசத்தை 192.168.2.1ன்னு மாத்துனதும் அடங்குச்சு. போன்ல விலாசம் 169.254ன்னு ஆரம்பிச்சா, கேட்டுப் பாத்தேன் யாரும் குடுக்கல, நானே ஒண்ணு வச்சுக்கிட்டேன்னு அது சொல்லுதுன்னு அர்த்தம்.

இன்னும் சில லைன்ல ரௌட்டருக்குள்ளயே யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டிருப்பாங்க, பிபிபிஓஇன்னு பேரு. பின்னாடி சின்ன ஓட்டையில குச்சியை விட்டு அமுக்கற ரீசெட் அதையெல்லாம் சுத்தமா அழிச்சுரும். நெட் வரலைன்னா மொத வேலையா ரீசெட் அமுக்கற சித்தப்பா எல்லா வீட்லயும் ஒருத்தர் இருக்காரு, அவரை அந்தப் பக்கம் விடாதீங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்றது வேற, ரீசெட் வேற. ஆஃப் பண்ணாலும் ஒடனே போடாம கொஞ்ச நேரம் விடச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, நாம பிளக்கைப் புடுங்குனது அந்தப் பக்க சர்வருக்குத் தெரியாது, பழைய ஆளு இன்னும் பேசிக்கிட்டிருக்கான்னே நெனச்சு புது லாகினை வெளியவே நிறுத்தி வைக்கலாம். அஞ்சு நிமிஷம் விட்டா, கூப்பிட்டுப் பாத்துப் பதில் வரலைன்னதும் பழசை முடிச்சுரும். மொதல்ல ஃபைபர் பெட்டி, அது நிலையா நின்னப்புறம் ரௌட்டர், இந்த வரிசையும் அதுக்குத்தான், வாசல் தொறக்காம ஆளை வெளிய அனுப்பி என்ன பண்றது.

நெட் வந்துருச்சு. ஆனா இப்ப எங்க வைக்கறதுன்னு பிரச்சினை. தம்பி மகன், சுவத்துல பெட்டி தொங்குனா போட்டோவுக்கு நல்லா இருக்காதுன்னு ரௌட்டரைக் கொண்டுபோய் ரெண்டாங்கட்டு சாமான் ரூம்ல வச்சுட்டான். எங்க பக்கத்து சாமான் ரூம் தெரியும்ல, தரையிலருந்து உத்தரம் வரைக்கும் பித்தளை அண்டா, எவர்சில்வர் டிபன் கேரியர், செம்புத் தவலை, அஞ்சு தலைமுறை சீரும் அடுக்கியிருக்கும். வை-ஃபை ஒரு ரேடியோ அலை, உலோகத்துல பட்டா உள்ள போகாது, திரும்பிரும். அந்த ரூமுக்குள்ள நின்னா சிக்னல் பிரமாதம், நெலைப்படி தாண்டுனா ஒண்ணுமில்ல.

சுவரும் லேசுப்பட்டதில்ல. எங்க வீட்ல ஒண்ணரை அடிச் சுவர், செங்கலும் சுண்ணாம்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் ஏறக்கொறைய 12 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ்ல அது அஞ்சாறு சென்டிமீட்டர்தான். 5ல வேகம் அதிகம், ஆனா இந்த மாதிரிச் சுவர் ரெண்டைத் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கிரும், 2.4 கொஞ்சம் தாக்குப் புடிக்கும். காஞ்ச தேக்குக் கதவு அவ்வளவு தடுக்காது. பட்டாலையில மாட்டியிருக்கற பெல்ஜியம் கண்ணாடி தடுக்கும், அது கண்ணாடிங்கறதால இல்ல, பின்னாடி பூசியிருக்கற உலோகப் பூச்சால. நம்ம வீட்டுக்கு ஒரே வரம் வளவு. நடுவுல வானம் பாத்த எடம், சுத்தி தாழ்வாரம், எல்லா ரூம் கதவும் அதைப் பாத்துத்தான் தொறக்குது. அதனால ரௌட்டரை வளவுத் தாழ்வாரத்துத் தூண் பக்கத்துல, மழைச்சாரல் படாத ஒசரத்துல, ஆளு தலைக்கு மேல மாட்டுனேன், ஃபைபர் பெட்டி முகப்புலயே இருக்கட்டும்னு விட்டாச்சு. ஒயர் 25 மீட்டர்தான் ஆச்சு, இந்த ஈத்தர்நெட் ஒயர் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், உள்ள நாலு ஜோடிக் கம்பியை முறுக்கி வச்சிருக்கறதே வெளிய இருந்து வர்ற தொந்தரவு ரெண்டு கம்பியிலயும் சமமா விழுந்து கழிஞ்சு போகட்டும்னுதான். பழைய வை-ஃபை பேரும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கறதால விசேஷத்துக்கு வந்த யார் போனையும் தொட வேண்டி வரல, தானா ஒட்டிக்கிச்சு.

மூணாங்கட்டு அடுப்படியில மட்டும் இன்னும் ஒரு கோடுதான். சமையல்காரங்க ரெண்டு பேரு தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு வீடியோ பாத்துக்கிட்டிருந்தாங்க. அங்க ஒரு ஒயர் இழுத்து இன்னொரு ரௌட்டரை லேன்ல சேத்து, அதுல விலாசம் குடுக்கறதை நிறுத்திரணும், இந்தத் தடவை வேணும்னே லேன். எலக்ட்ரீஷியன் ஆடி முடிஞ்சு வர்றேன்னு சொல்லியிருக்காரு.