லெவல் 7 டிப்ளமோ மாஸ்டர்ஸ் ஆகாது

சென்ற வாரம் ஒரு அப்பா, மகளுக்கு வந்த ஆஃபர் லெட்டரை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். "லண்டனில் மாஸ்டர்ஸ் சீட் கிடைத்துவிட்டது சார். டெபாசிட் கட்டிவிட்டோம். பேங்க் லோனுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்." பார்த்தேன். மாஸ்டர்ஸ் என்ற சொல்லே கடிதத்தில் எங்கும் இல்லை. படிப்பின் பெயர் ‘லெவல் 7 டிப்ளமோ இன் ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட்’. நடத்துவது ஒரு தனியார் கல்லூரி. டெபாசிட் கட்டுவதற்கு முன்னால் வந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம்.

பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் அட்மிஷன் பிரிவில் சில வருடம் விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். இப்போது சென்னையில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். இதே கடிதத்தை வேறு வேறு பெயர்களோடு பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் படிப்புகளுக்கு லெவல் எண் உண்டு. ஏ-லெவல், அதாவது நம் பிளஸ் டூவுக்குச் சமமானது, லெவல் 3. டிகிரியின் முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 5, ஹானர்ஸ் டிகிரி முடிக்கும்போது 6. மாஸ்டர்ஸ் 7, பிஎச்.டி. 8. இதைச் சொல்லித்தான் சில ஏஜென்ட்கள் ஏமாற்றுகிறார்கள். "மாஸ்டர்ஸ் லெவல் 7, இதுவும் லெவல் 7, இரண்டும் ஒன்றுதான், ஃபீஸ் மட்டும் கம்மி." இல்லை. ஒன்றே இல்லை. லெவல் என்பது பாடம் எவ்வளவு கடினம் என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு படித்தீர்கள் என்பதைச் சொல்வது கிரெடிட். முடிவில் கைக்கு என்ன வரும் என்பதைச் சொல்வது படிப்பின் பெயர். போஸ்ட் கிராஜுவேட் சர்டிஃபிகேட் 60 கிரெடிட், போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோ 120, மாஸ்டர்ஸ் 180. மூன்றுமே லெவல் 7. ஏழாவது மாடியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தவரும், அதே மாடியில் முழு வீட்டை வாங்கியவரும் ஒரே லிஃப்டில்தான் போகிறார்கள். பத்திரம் ஒருவரிடம்தான் இருக்கும்.

இன்னொன்று, யார் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்பது. டிகிரி கொடுக்கும் அதிகாரம் பிரிட்டனில் சட்டப்படி சில நிறுவனங்களுக்கு மட்டும்தான் உண்டு. அந்தப் பட்டியலை அரசாங்கமே வெளியிடுகிறது. தனியார் கல்லூரி நடத்தும் லெவல் 7 டிப்ளமோவுக்குச் சான்றிதழ் தருவது பெரும்பாலும் ஒரு தேர்வு அமைப்பு. அது முறைப்படி அங்கீகாரம் பெற்றதாகவே இருக்கலாம், அந்த டிப்ளமோவைக் குறை சொல்ல வரவில்லை. வேலையில் இருப்பவர் பதவி உயர்வுக்காகப் படித்தால் நல்ல படிப்புதான். டிகிரி என்று நினைத்துக் கடன் வாங்குகிறவருக்குத்தான் அது பெரிய அடி.

உடனே வரும் பதில்: "அப்புறம் டாப்-அப் பண்ணி மாஸ்டர்ஸ் ஆக்கிக்கொள்ளலாமாம் சார்." ஆக்கிக்கொள்ளலாம், ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் அந்த 120 கிரெடிட்டை ஏற்றுக்கொண்டால். அதற்குப் புதிய விண்ணப்பம், புதிய ஃபீஸ், தேவைப்பட்டால் புதிய விசா. டிப்ளமோ நடத்தும் கல்லூரியால் இன்னொரு பல்கலைக்கழகத்தின் சார்பில் வாக்குக் கொடுக்க முடியாது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எத்தனை கிரெடிட் கழிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

எல்லாரும் மனதில் வைத்திருக்கும் கிராஜுவேட் விசாவுக்கு வருவோம். படித்து முடித்தபின் 2 வருடம் தங்கி வேலை தேடலாமே, அது. (2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் 3 வருடம்.) அந்த விசா கிடைக்க டிகிரி முடித்திருக்க வேண்டும், அல்லது பிரிட்டன் அரசு பட்டியலிட்டிருக்கும் சில தொழில்முறைப் படிப்புகளில் ஒன்றை முடித்திருக்க வேண்டும். பொதுவான மேனேஜ்மென்ட் டிப்ளமோ அந்தப் பட்டியலில் இல்லை. இது நல்ல பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தவருக்கும் பொருந்தும். டிஸர்டேஷனை, அதாவது கடைசியில் எழுதும் ஆய்வறிக்கையை, முடிக்காமலோ, அதில் தேறாமலோ போனால் பல்கலைக்கழகம் 120 கிரெடிட்டுக்கு டிப்ளமோவைக் கொடுத்து அனுப்பிவிடும். எக்ஸிட் அவார்டு என்பார்கள். கையில் கிராஜுவேட் விசா இருக்காது. கோடைக்காலம் லீவு என்று நினைத்து முழுநேர வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: டிஸர்டேஷன் எழுதும் மாதங்கள் மாஸ்டர்ஸ் மாணவருக்கு விடுமுறை அல்ல. அப்போதும் வாரம் 20 மணிநேரம்தான் வேலை செய்யலாம்.

ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கும் ஒரு தகவல். 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் செய்த ஒப்பந்தத்தில், பிரிட்டனின் ஒரு வருட மாஸ்டர்ஸை இங்கே மாஸ்டர்ஸாகவே ஏற்றுக்கொள்ள வழி செய்தார்கள். மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற தொழில்முறைப் படிப்புகள் அதில் வராது. டிப்ளமோவை மாஸ்டர்ஸாக்கும் ஒப்பந்தமும் அது இல்லை.

பிளஸ் டூ முடித்துப் போகிறவர்களுக்கு வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. ஃபவுண்டேஷன் இயர் என்பது டிகிரிக்கு முந்தைய தயாரிப்பு வருடம், லெவல் 3. ஃபவுண்டேஷன் டிகிரி என்பது இரண்டு வருடப் படிப்பு, லெவல் 5. முதலாவதை முடித்தால் டிகிரியின் முதல் வருடத்தில் உட்காரலாம். இரண்டாவதை முடித்தால் வழக்கமாகக் கடைசி வருடத்தில் சேரலாம். பணமும் காலமும் முற்றிலும் வேறு. ஃபவுண்டேஷன் இயரை மட்டும் தனிப் படிப்பாக எடுத்து விசா வாங்கினால் வாரம் 10 மணிநேரம்தான் வேலை செய்யலாம், 20 அல்ல. பகுதிநேர வேலையை நம்பி வாடகைக்குக் கணக்குப் போட்டவர்கள் அங்கே போய்த்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, ஆஃபர் லெட்டர். தயவுசெய்து, ஆஃபர் வந்ததும் வேலையை விடாதீர்கள், ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். கண்டிஷனல் ஆஃபர் என்றால் "இவற்றையெல்லாம் காட்டினால் எடுத்துக்கொள்கிறோம்" என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த நிபந்தனைகள் இரண்டாம் பக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. இறுதி மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு, டெபாசிட், வங்கி ஆவணம், சில அறிவியல், பொறியியல் படிப்புகளுக்கு ஏடாஸ் என்ற பாதுகாப்பு அனுமதி. எல்லாம் முடிந்தால் அன்கண்டிஷனல். அதற்கும் பிறகுதான் காஸ் எண், அதாவது உங்களைச் சேர்த்துக்கொண்டதை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் எண். விசாவுக்கு விண்ணப்பிக்க அந்த எண் இல்லாமல் முடியாது. அது 6 மாதம்தான் செல்லும், ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும்தான். காஸ் வந்ததும் உங்கள் பெயர், படிப்பின் பெயர், லெவல், தொடங்கும் தேதி, முடியும் தேதி, கட்டிய தொகை எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டும் ரசீதும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். தவறு இருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். முடியும் தேதியை வைத்துத்தான் விசாக் காலமே கணக்காகிறது.

நம் ஊர்ச் சான்றிதழ்களால் வரும் தாமதம் தனி. விண்ணப்பத்தில் ‘டிகிரி வழங்கிய நிறுவனம்’ என்ற இடத்தில் பாதிப் பேர் கல்லூரியின் பெயரை எழுதுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தால் டிகிரி வழங்குவது அண்ணா பல்கலைக்கழகம். கல்லூரி தன்னாட்சி பெற்றது, மார்க் ஷீட்டைக் கல்லூரியே அச்சடிக்கிறது என்றாலும் டிகிரி பல்கலைக்கழகத்தினுடையதுதான். பிரிட்டனில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்கு நம் இணைப்பு முறை தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, அவர் பல்கலைக்கழகப் பட்டியலில் உங்கள் கல்லூரியைத் தேடிக்கொண்டிருப்பார். ஒரு வரி விளக்கம் எழுதினால் போதும். கான்வொகேஷனுக்குக் காத்திருக்க வேண்டாம், புரொவிஷனல் சர்டிஃபிகேட்டும் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டும் பெரும்பாலும் போதும். ஆனால் அவற்றுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும், மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்தாக நிற்கும். அதற்கும் விளக்கம் தயாராக இருக்கட்டும்.

அரியரை மறைக்காதீர்கள். ஒரு பாடத்தை எந்த மாதம், எந்த வருடம் பாஸ் செய்தீர்கள் என்பது மார்க் ஷீட்டிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தைப் படிப்பவர் முதலில் பார்ப்பதே அதைத்தான். பழைய அரியர் இருந்தும் எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. போலி மார்க் ஷீட்டை எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் கிடையாது, அது விசா விண்ணப்பத்தோடு போனால் 10 வருடம் நுழையவே முடியாமல் தடை வரலாம். சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக்க இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பெருக்கலைப் போடாதீர்கள், உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் முறையை மட்டும் பயன்படுத்துங்கள். பிரிட்டனில் 2:1, அதாவது டிகிரியில் இரண்டாம் வகுப்பின் மேல்நிலை, என்றால் அவர்கள் மதிப்பெண்ணில் 60 முதல் 69 வரை. நம் 60 அதற்குச் சமம் என்று நீங்களே முடிவுகட்ட முடியாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இந்திய மாணவர்களுக்கென்று இணையதளத்தில் தனிப் பக்கம் வைத்திருக்கின்றன, அங்கே இருக்கும் எண்தான் கணக்கு. அங்கே போனபிறகு மாஸ்டர்ஸில் 62 வாங்கிவிட்டு அழாதீர்கள் கண்ணுகளா, அது மெரிட். 70 தொட்டாலே டிஸ்டிங்ஷன்.

‘வித் பிளேஸ்மென்ட்’ (படிப்பின் பகுதியாக ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சி) என்று படிப்பின் பெயரில் இருந்தால் வேலை பிடித்துத் தருவார்கள் என்று அர்த்தமில்லை. இடத்தை நீங்கள்தான் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் பிளேஸ்மென்ட் இல்லாத படிப்புக்கு மாற்றிவிடுவார்கள், விசாக் காலமும் அதற்கேற்பக் குறையும். திருமணமானவர்களுக்கு: 2024 ஜனவரி முதல் தொடங்கும் சாதாரண மாஸ்டர்ஸில் கணவனையோ மனைவியையோ குழந்தையையோ உடன் அழைத்துப்போக முடியாது. பெரும்பாலும் ஆராய்ச்சிப் படிப்புகளுக்குத்தான் அந்த அனுமதி. இன்னமும் "பிறகு வரவழைத்துக்கொள்ளலாம்" என்று சொல்கிற ஏஜென்ட் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஜென்ட்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை, பொறுப்பாக வேலை செய்பவர்களை எனக்கே தெரியும். ஆனால் அவர்களுக்குப் பணம் வருவது பெரும்பாலும் கல்லூரியிடமிருந்து, நீங்கள் கட்டும் முதல் வருட ஃபீஸில் ஒரு பங்காக. உங்களிடம் ‘ஃப்ரீ கன்சல்டேஷன்’ என்று சொல்வது அதனால்தான். எந்தக் கல்லூரியைப் பரிந்துரைக்கிறார்கள், ஏன் என்று கேட்பது உங்கள் உரிமை.

அதனால் டெபாசிட் கட்டும் முன், நகையை அடகு வைக்கும் முன், ஒரே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஏஜென்டுக்கு அல்ல, கல்லூரியின் அட்மிஷன் பிரிவுக்கு. எல்லாப் பாடங்களையும் முடித்தால் என் கையில் வரும் சான்றிதழின் முழுப்பெயர் என்ன? அதை வழங்கும் நிறுவனம் எது? விசா மறுக்கப்பட்டால் டெபாசிட்டில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும்? ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, மாணவரே தன் பெயரில் எழுதட்டும். விசா நேர்காணலிலும் "என்ன படிக்கப் போகிறாய்" என்று கேட்பார்கள், அங்கே அப்பாவோ ஏஜென்டோ பதில் சொல்ல முடியாது. பதில் வந்ததும் வழங்கும் நிறுவனத்தின் பெயரை அரசாங்கப் பட்டியலில் தேடிப் பாருங்கள். மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வரும்வரை ஒரு பைசா அனுப்பாதீர்கள், சீட் நாளையோடு முடிகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் சரி.