நெஞ்சுக்குள் ஒரு சானல்

பாட்டாவுக்கு, இதயத்தை மின்துடிப்பால் இயக்கும் பேஸ்மேக்கர் வைத்து மூன்றாம் நாள். நாகர்கோவில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காறை எலும்புக்குக் கீழே இருந்த மேட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்: "மக்ளே, பெட்டி இங்க இருக்கு. வயரு எங்க போயி நிக்கி?"

சரியான கேள்வி. பேட்டரி தீர்ந்தால் பெட்டியை மாற்றிவிடலாம். துடிப்பு எப்படிப் பரவும் என்பது லீட் எனப்படும் அந்த வயரின் நுனி நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானலில், அதாவது கால்வாயில் இறங்கி, கிளை பிரிந்து, மடை மடையாக வயலுக்குப் போகிறதல்லவா? இதயத்திலும் அப்படித்தான். மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு ஹிஸ் கற்றை என்ற இழைக்கட்டு வழியாக இறங்கி, வலம் இடமாகப் பிரிந்து, கீழறைத் தசைகளுக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேரும். இந்தப் பாதையை முழுமையாக விளக்கியவர் ஜப்பானின் சுனாவோ தவாரா, 1906இல். நம் அணை கட்டி முடிந்ததும் அதே ஆண்டுதான்!

நெடுங்காலம் லீட்டை வலது கீழறையின் அடிமுனையில்தான் வைத்தார்கள். சுலபம்தான், ஆனால் கடைமடையில் தண்ணீரை ஊற்றி வரப்பு வரப்பாக ஏறவிடுவது போன்றது. இடது பக்கம் பிந்திச் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி ஓடினால் சிலருக்கு இதயம் தளர்ந்துவிடும். அப்புறம் ஹிஸ் கற்றையிலேயே வைத்துப் பார்த்தார்கள். பலருக்கு அங்கே கூடுதல் மின்சாரம் தேவைப்பட்டது. 2017இல் சீன மருத்துவர் வெய்ஜியான் ஹுவாங்கின் குழு, இரண்டு கீழறைகளுக்கும் இடையிலுள்ள நடுச்சுவரைத் துளைத்து இடது கிளையருகே லீட்டை நிறுத்திக் காட்டியது.

துளைக்க இரண்டு வகை லீட்கள். மருத்துவர் மாதிரிகளைக் கையில் கொடுத்தார். ஒன்று உள்துளை இல்லாதது, 1.4 மில்லிமீட்டர் தடிமன், இடியாப்ப இழைபோலத் துவண்டது. தனியாகத் தள்ள முடியாது. வளைந்த குழாய் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் சுவரைத் துளைக்கும் திருகு அதன் நுனியிலேயே நிலையாக இருப்பதால், லீட்டைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து திரும்பும்.

மற்றது சற்றுத் தடிமன். உள்ளே துளை, அதில் விறைப்பான கம்பி. தள்ள நல்ல பிடி கிடைக்கும், திருகும்போதே ஈசிஜியையும் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், திருகை உள்ளிருந்து நீட்ட வேண்டும். சுவருக்குள் சுழற்றும்போது அது திரும்ப உள்ளே போய்விடலாம். நாளைக்கு லட்சம் தடவை வளைவதில் இந்த வகை லீட்டில் மின்சாரம் கடத்தும் கம்பி உடைந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. என்னைக் கேட்டால், எந்த லீட் என்பதைவிட அது எந்தக் கையில் பழகியது என்பதே முக்கியம்.

பாட்டாவுக்கு வைத்தது துவளும் வகை. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ முருங்கைக்கா பறிக்கலாமா?" என்றார்.

சில வாரங்களுக்கு இடது கை தோளுக்கு மேலே போகக்கூடாது. காய் பறிக்கும் தோட்டிக் கம்பை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறோம்.