எண்ணி வெட்டும் இடத்தில் உடையும் தமிழ்

துணைப்பாட நிலையம் ஒன்றின் செயலியில் ஆசிரியர் பெற்றோருக்கு அனுப்பிய செய்தி: ‘நாளை வகுப்பு இல்லை’. உரையாடல் பக்கத்தில் அது சரியாகத்தான் தெரிந்தது. கைத்தொலைபேசியில் வந்த அறிவிப்பிலோ ‘நாளை வகுப்பு இ’ வரைதான் இருந்தது. அதற்குப் பின்னால் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. வகுப்பு இருக்கிறதா, இல்லையா? பெற்றோர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துருக் கோளாறு என்றார்கள். தமிழ் உடைந்தால் முதலில் எழுத்துருவின் மேல்தான் பழி விழும். உண்மையில் அறிவிப்பின் முன்னோட்டம் 40 பைட்டில் (பைட் என்பது கணினிச் சேமிப்பின் அலகு) வெட்டப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் 40 பைட் என்றால் 40 எழுத்து, சிக்கல் இல்லை. கணினிகள் உரையைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் (எழுத்துக்கோ உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ தரப்பட்ட எண்) 3 பைட் எடுக்கும். மேலே சொன்ன செய்தியில் ‘இ’ முடியும்போதே 38 பைட் ஆகிவிடுகிறது. அடுத்து வரும் ‘ல’வுக்குக் கிடைத்தது இரண்டு பைட்தான்.

‘சிங்கப்பூர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஆறு எழுத்து. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 11 என்கிறது, ஏனென்றால் மேற்புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறியெண்கள். பைட் கணக்கில் 33. ஒரே செய்தியை உலாவி ஒருவிதமாகவும், சேவையகம் இன்னொரு விதமாகவும், அறிவிப்புச் சேவை வேறுவிதமாகவும் எண்ணுகின்றன. எங்கெல்லாம் எண்ணி வெட்டுகிறோமோ அங்கெல்லாம் எழுத்து உடைய வாய்ப்பு உண்டு.

பைட் வரம்பே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆப்பிளின் அறிவிப்புச் சேவை வழக்கமான அறிவிப்புக்கு 4 கிலோபைட்தான் தரும். அதனால் முழு எழுத்துகளாகச் சேர்த்துக்கொண்டே வந்து, வரம்பைத் தாண்டும் எழுத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும். இப்போதைய உலாவிகளில் உள்ள இன்ட்ல்.செக்மென்ட்டர் என்ற கருவி எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் வேலையைச் செய்துகொடுக்கும். ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்தை மட்டும் அது ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாகப் பிரிக்கும். பொறுத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு என்ற பெயரில் வைக்கும் வடிகட்டிகள் இதைவிட மோசம். பெயர்ப் பெட்டியில் ‘எழுத்துகள் மட்டும்’ என்று விதி வைக்கிறார்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு வகைப்பாட்டில் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ அல்ல, ‘குறி’. வடிகட்டிக்குள் போன ‘சிங்கப்பூர்’, ‘சஙகபபர’ என்று வெளியே வரும். எழுத்தோடு குறி வகையையும் அனுமதித்தால் தீர்ந்தது. தாக்குதலைத் தடுக்க எழுத்துகளைக் களைவது சரியான வழியே அல்ல. வந்த செய்தியை, நிரலாக இயங்கவிடக்கூடிய இன்னர்எச்டிஎம்எல்லில் போடாமல், வெறும் உரையாகவே காட்டும் டெக்ஸ்ட்கான்டென்டில் போடுங்கள், எந்த மொழியும் காயப்படாது. கண்ணுக்குத் தெரியாத குறியெண்களை மொத்தமாக நீக்குவதும் அப்படித்தான். உருவங்களை ஒட்டிவைக்கும் குறியெண்ணும் போய்விட, குடும்ப இமோஜி அப்பா, அம்மா, பிள்ளை என்று தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

நேரலைச் செய்தியில் இன்னொரு பொறி இருக்கிறது. பதிலைத் துளித்துளியாக அனுப்பும் செயலிகள் பெருகிவிட்டன. வரும் துண்டு ஓர் எழுத்தின் நடுவிலேயே முடியலாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக, பைட்டுகளை உரையாக்கும் டெக்ஸ்ட்டிகோடரிடம் கொடுத்தால் இரு பக்கமும் கேள்விக்குறிதான். ஒரே டிகோடரை வைத்துக்கொண்டு, ‘ஸ்ட்ரீம்’ தேர்வைப் போட்டுவிட்டால் மிச்ச பைட்டை அது அடுத்த துண்டு வரும்வரை வைத்திருக்கும். உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பான வெப்சாக்கெட்டின் உரைச் செய்தியோ கறாரானது. உடைந்த யூடிஎஃப்-8 வந்தால் 1007 என்ற எண்ணோடு இணைப்பையே மூடிவிடும். ‘தமிழில் தட்டினால் லைன் கட்டாகிறது’ என்று யாராவது புகார் சொன்னால், நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

தரவுத்தளத்தில் பழைய மைஎஸ்க்யூஎல் மென்பொருளின் ‘யூடிஎஃப்8’ குறியாக்கம் இருந்தால் ‘யூடிஎஃப்8எம்பி4’க்கு மாற்றிவிடுங்கள். பழையது எழுத்துக்கு 3 பைட்டோடு நின்றுவிடும். தமிழ் அதில் பிசகாமல் உட்காரும் என்பதால் நம் சோதனையில் எதுவும் தெரியாது. ஒரே செயலியில் நான்கு மொழிக்காரர்களும் பேசிக்கொள்ளும் ஊர் சிங்கப்பூர். தீபாவளி வாழ்த்தில் 4 பைட் கேட்கும் ஒரு இமோஜியோ, சீனப் பெயரில் அரிதான ஓர் எழுத்தோ வரும் நாளில் அந்தச் செய்தி சேமிப்பில் ஏறாது.

கடைசியாகத் தேடல். ‘கொ’வை, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு அவை வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீர்வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். ‘கௌ’வுக்குப் பதில் ‘கெ’யும் ‘ள’வும் தட்டப்பட்டிருந்தால் என்எஃப்சியும் கைவிடும். ‘கௌரி’யைத் தேடினால் ‘கெளரி’ வரமாட்டார். பெயர்த் தேடலில் இந்த இரண்டையும் இணைக்கும் விதியை நாமே எழுத வேண்டும், அதுவும் தேடலுக்கு மட்டும். சேமித்த செய்தியில் கைவைத்தால், ‘வெ’யும் ‘ள’வும் ‘வௌ’ ஆகி ‘வெள்ளம்’ கெட்டுவிடும்.